முன்பக்கம் மட்டும் உள்ள உடுப்புகள்

எங்கள் தொழிலில் ராஜாவுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்பக்கம் வெறும் நாடா.

கோடைக்கானல் ஏரிக்கரைக்கு வந்து, போட்டிருக்கிற சட்டைக்கு மேலேயே ராஜா உடுப்பை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துப் போட்டோ எடுத்தவர்களில் நீங்களும் ஒருத்தராக இருக்கலாம். அந்தப் படம் உங்கள் வீட்டு அலமாரியில் எங்கேயாவது கெடக்கும். அப்படியானால் உங்கள் முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்று, "மூச்சை உள்ள இழுங்க சார்" என்று சொல்லி நாடாவை இறுக்கினது நான்தான். பெயர் பொன்னம்மா. உடுப்பு மாட்டிவிடுவது என் சோலி. போட்டோ பிடிக்கிறது காதர் பாய். அவருடைய அப்பாவுக்கு, அவர் வாயில் அத்தாவுக்கு, பழனி பஜாரில் செருப்புக் கடை. பாய் இளவட்டத்தில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினவர், அப்புறம் இறங்கவே இல்லை.

ஒல்லி ஆளுக்கும் குண்டு ஆளுக்கும் ஒரே உடுப்பு. அதனால்தான் பின்பக்கம் தைப்பது கிடையாது. குளிர்காலத்தில் ஸ்வெட்டருக்கு மேலே மாட்டவேண்டும், சீசனில் வேர்த்த சட்டைக்கு மேலே மாட்டவேண்டும். நாலு பேர் முகத்தைப் பார்த்து யாவாரம் பண்ணுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வந்தவர் என்ன கேட்டாலும் "இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் இருக்கிறதா என்று தேடவேண்டும்.

இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறேன் என்றால், போன சீசனில் ஒரு பேச்சுக் கிளம்பியது. எங்கள் கம்பியில் தொங்குகிற தேயிலைக்காரி உடுப்பு இனிமேல் தொங்கக் கூடாது என்று. எங்கள் கடைக்குச் சோறு போட்டதே அந்த உடுப்புதான். என் கூடப்பிறந்த அக்கா எங்கள் கடைப்பக்கம் வராமல் இருந்ததும் அந்த உடுப்பால்தான். அதைக் கழற்றினால் பிழைப்புக்கு இடி. கழற்றாவிட்டால் ஏரிக்கரைக் கடைக்காரர் சங்கத்தோடும் அக்காவோடும் வம்பு. அப்படி ஒரு இக்கட்டில் நின்றபோதுதான் பழசெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஊட்டி என்று நினைத்து வந்தவர்கள்

இங்கே வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பஸ்ஸிலிருந்து கால் வைக்கும்போதே, "தேயிலைத் தோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். எங்கள் மலையில் பூண்டு இருக்கு, கேரட் இருக்கு, பிளம்ஸ் இருக்கு. தேயிலைக்கு ஊட்டிக்கோ மூணாறுக்கோதான் போகணும். இல்லை, இல்லை என்று சொல்லி எங்களுக்கு வாய் வலித்துவிட்டது. "இல்லேன்னு ஏன் சொல்றோம் பொன்னம்மா? நாமளே ஒண்ணு வச்சுருவோமே" என்றார் பாய். திண்டுக்கல் போய், பச்சைப் பசேலென்று மலைச்சரிவு அச்சடித்த பேனர் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்தார். உடுப்பு என் பொறுப்பு.

எனக்கு அது வெளி ஆள் உடுப்பு இல்லை. நான் பிறந்ததே சிலோனில், கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டின வரிசை வீட்டில்தான். விவரம் தெரிகிறதுக்குள் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அங்கே இருந்தபோது எங்களை இந்தியாக்காரங்க என்றார்களாம். இங்கே வந்த பிறகு சிலோன்காரங்க என்றார்கள். ஆத்தாவும் என் அக்கா மாரியாயியும் விடியுமுன்னே கூடையை முதுகில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவது எனக்குப் புகை மாதிரி ஞாபகம். அந்தப் புகையைத்தான் தைத்தேன். ஆனால் அவர்கள் கட்டின சாக்குத் துணியை அப்படியே கட்டிவிட்டால் எந்த டூரிஸ்ட் வாடகைக்கு எடுப்பார்? சிவப்பு சாட்டின், மஞ்சள் ஜரிகை, தலைக்குப் பூப்போட்ட துண்டு, முதுகுக்கு ஒரு மூங்கில் கூடை, கூடை நிறையப் பிளாஸ்டிக் இலை. வெள்ளனே தொங்கவிட்டேன், உச்சிவெயிலுக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஈரோட்டுக்காரர் ஒருத்தர் பெஞ்சாதியைப் பேனருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போகலன்னு இனிமே நீ சொல்லக்கூடாது" என்று சத்தியம் வாங்கினார்.

அக்கா கிளாவரை கிராமத்தில் பூண்டும் பீன்ஸும் போடுகிறாள். அந்த வாரம் சந்தைக்கு வந்தவள், என்னைப் பார்க்கலாம் என்று கடைக்கு எட்டிப் பார்த்தாள். ஒரு புதுப்பெண் கூடையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். நான் பெருமையாக, "நம்ம உடுப்புக்கா, நானே தச்சேன்" என்றேன். கையில் இருந்த பையைக் கீழே வைக்கக்கூட இல்லை அவள்.

"நான் சுமந்த கூடையை நீ வாடகைக்கு விடுறியாடி?"

காஷ்மீர் எந்தப் பக்கம்

அதன் பிறகு அக்கா என்னோடு பேசாமல் ஒன்றும் இல்லை. பொங்கலுக்குப் போவேன், கறி ஆக்கிப் போடுவாள், பூண்டு கட்டிக் கொடுப்பாள். கடைப்பக்கம் மட்டும் வரமாட்டாள். எனக்குத்தான் ஒவ்வொரு உடுப்பை மாட்டும்போதும் இதற்குச் சொந்தக்காரர் யாராவது வந்து நின்றால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் நிஜமாகவே வந்து நின்றார்.

எங்கள் கம்பியில் காஷ்மீர் டிரஸ் என்று ஒன்று உண்டு. கரும்சிவப்பு அங்கி, தலைக்கு முத்துச்சரம் வைத்த முக்காடு, இடுப்பில் வைக்க ஒரு பித்தளைக் குடம். மதுரையில் நாடக உடுப்பு விற்கிற கடையில் வாங்கினது. பஜாரில் சால்வைக் கடை வைத்திருக்கிற காஷ்மீர்க்காரத் தம்பி, கோடைக்கானலுக்கு வந்து வந்து நம்மைவிட நல்லாத் தமிழ் பேசும். ஊரிலிருந்து புதுசாகக் கல்யாணம் முடித்து மனைவியைக் கூட்டி வந்திருந்தது. அந்தப் பெண் கம்பியைப் பார்த்துத் தம்பியிடம் என்னவோ கேட்டது. வெரசாப் போய்க் காஷ்மீர் டிரஸ்ஸை ராணி உடுப்புக்குப் பின்னால் தள்ளினேன். அந்தப் பெண் விடவில்லை. தானே இழுத்து எடுத்தது. மாட்டச் சொன்னது. குடத்தை இடுப்பில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணி வருகிற மட்டும் சிரித்தது. பாய் பிடித்த படத்தை அந்த இடத்திலேயே செல்லில் ஊருக்கு அனுப்பியது.

"என்னப்பா சொல்லி அனுப்புச்சு?" என்று பயந்து கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தது.

"இதுதான் தமிழ்நாட்டு டிரஸ்ஸாம்னு அவங்க அம்மாவுக்கு அனுப்பிட்டா அக்கா. இனி எங்க மாமியார் வந்தா நீங்கதான் கட்டிட்டு நிக்கணும்."

பாய் உடுப்பு

பாய்க்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு பேண்ட், ஒரு குரங்குக் குல்லா. வருசம் முச்சூடும் அதுதான். ஒரு தடவை கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. தகப்பனார் கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு, ஒரு முஸ்லிம் டிரஸ் இல்லையே? பையனுக்கு ஸ்கூல்ல ஒற்றுமை டான்ஸ் இருக்கு, ஒரு போட்டோ எடுத்துப் பழக்கலாம்னு பார்த்தேன்" என்றார்.

"இருக்குங்களே சார். நான் போட்டிருக்கேனே" என்றார் பாய்.

அவர் பாயை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு வேண்டியது முழங்கால் வரைக்கும் பளபளவென்று கோட்டு, இறகு வைத்த தொப்பி, கையில் ரோஜாப்பூ. "எங்க அத்தா பஜார்ல கைலியும் கை வச்ச பனியனும் போட்டு உக்காந்திருப்பாரு சார். அதைத் தரச் சொன்னா எங்க வீட்டுலேர்ந்து கொண்டாறேன்" என்றார் பாய், ரொம்ப மரியாதையாக. அந்த மனுசருக்கு நிஜமாகவே ஏமாற்றம். கேலி எதுவும் இல்லை அவர் பேச்சில். "அது சாதாரணமா எல்லாரும் போடறதாச்சே பாய்" என்றார்.

"நாங்களும் சாதாரணமான ஆளுங்கதான் சார்."

ராஜா யாருடைய ஆள்

ராஜா உடுப்பில் எந்தக் காலத்திலும் சண்டை வந்ததில்லை. பெரியவர்கள் வருவார்கள், வாளை உருவுவார்கள், மீசையை முறுக்குவார்கள், போவார்கள். இப்போது சில வருசமாக இளவட்டங்கள் மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு கட்டி வருகிறார்கள். ஒவ்வொரு கலருக்கும் ஒரு சாதி, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு ராஜா. எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் ராஜா பெயர் இல்லாத ராஜா. தலைப்பாகை என் பழைய சேலை, மாலை ஊசிமணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் வந்த பிள்ளைகளில் ஒருத்தன் ராஜா உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து இன்னொரு வேன் வந்து நின்றது. அவர்கள் கையில் வேறு கலர். "ஏலே, அது எங்க ராசா உடுப்புலே. தலைப்பாக் கட்டைப் பாரு" என்றான் ஒருத்தன். "உங்க ராசாவுக்கு ஏதுலே இறகு?" என்றான் உடுப்புக்குள் இருந்தவன். வாள் அட்டைதான், ஆனால் கை நிஜம் இல்லையா? நான் நடுவில் போய் நின்றேன். பாய் வந்தார். தலைப்பாகையிலிருந்து இறகைப் பிடுங்கினார், வாளை வாங்கி அக்குளில் சொருகிக்கொண்டார், என் கையில் இருந்த பிளாஸ்டிக் ரோஜாமாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டார். "இப்ப ராசாவும் இல்ல, மண்ணும் இல்ல. கல்யாண மாப்பிள்ளை. அடுத்தது யாரு, வாங்க" என்றார். இரண்டு வேனும் சிரித்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. எட்ட நின்ற ஒரு பயல் மட்டும் வாயை மூடவில்லை.

"மாப்பிள்ளைன்னாலும் எங்க ஆளுதாண்ணே!"

வாள் கேட்ட டீச்சரம்மா

பாய் பிலிம் ரோல் போட்டுப் படம் பிடித்த காலத்தில் நடந்தது இது. அப்போதெல்லாம் படம் கைக்கு வர ஒரு ராத்திரி ஆகும். அதனால் ஒரு தடவை சிரித்தால் சரியாகச் சிரிக்கவேண்டும். ரிட்டயர் ஆன ஒரு டீச்சரம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் வந்தார்கள். நான் வழக்கம்போல அவருக்கு ராஜா, அந்தம்மாவுக்கு ராணி என்று எடுத்து நீட்டினேன். டீச்சரம்மா ராணியை வாங்கி வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். "நீங்க இதைப் போடுங்க. நான் ராஜா" என்றார்கள். மனுசர் நாலு பக்கமும் பார்த்தார். மேகம் இறங்கி ஏரியே தெரியவில்லை. ஆள் நடமாட்டம் இல்லை. அதில் தைரியம் வந்து மாட்டிக்கொண்டார். அவருக்குக் கிரீடம் அத்தனை பாந்தமாக இருந்தது.

பாய் கேமராவுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முதல் படம் ஆடிப்போச்சு. அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாளை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்து நின்றார்கள். அப்படி ஒரு நிற்பை அந்த உடுப்பில் நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கழற்றி மடித்துக் கொடுக்கும்போது சொன்னார்கள்:

"முப்பது வருசம் கிளாஸ்ல பிரம்பு பிடிச்சேன், ஒருத்தனும் இப்படிப் பயந்ததில்லம்மா. இவரு முகத்தைப் பார்த்தியா?"

உடுத்துமுன் மன்னிப்பு

வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்கள் ஊருக்குப் புதுசில்லை. முன்னெல்லாம் அவர்கள் வந்தால் சேலையைச் சுருட்டிக் கழுத்தில் போட்டு, பொட்டை மூக்கில் வைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நாங்களும் சிரிப்போம். இரண்டு வருசம் முன்னால், இங்கே படிக்க வந்திருக்கிற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, செண்பகனூர் டீச்சர் ஒருத்தரோடு வந்தது. கையில் ஒரு பட்டுச்சேலை, யாரோ பரிசாகக் கொடுத்தது. அவசரத்துக்கு ஒரு சேலை கட்டிவிடச் சொல்லி என்னிடம் வருவது வழக்கம்தான். கொசுவம் வைக்கப் போனேன். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டது. கண் கலங்கி இங்கிலீசில் என்னவோ சொன்னது.

"என்னங்க டீச்சர், இறுக்கிட்டேனா?"

"இல்ல பொன்னம்மா. தான் இதைக் கட்டலாமா, உனக்கு மனசு வருத்தப்படுமான்னு கேக்குது."

சேலை அதனுடையது, உடம்பு அதனுடையது, வருத்தம் மட்டும் என்னுடையதா? ஆனாலும் பாருங்க, என் இத்தனை வருசத் தொழிலில் ஒரு உடுப்பை மாட்டுமுன்னே என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். கன்னத்தைத் தட்டிக்கொடுத்து, "நல்லாருக்கும், நில்லு" என்றேன். கட்டி முடித்துக் கண்ணாடி காட்டினதும் குதித்தது. அது ஏரிப்பக்கம் ஓடின பிறகு, டீச்சர் என் காதோரம் சொன்னார்:

"அவங்க ஊருல இப்ப அப்படித்தான். உடுத்தறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேட்டுப் பழகிட்டாங்க."

செல்லோடு வந்த பிள்ளை

போன சீசனில் வந்தது வேற மாதிரிப் பிள்ளை. சென்னையில் பெரிய படிப்புப் படிக்கிறது. கூடையோடு நிற்கிற பெண்களைத் தள்ளி நின்று செல்லில் வீடியோ எடுத்தது. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, பணிவாகத்தான் பேசியது. "அம்மா, இது வேலை செஞ்சு கஷ்டப்படறவங்களோட உடுப்பு. அவங்க வலியை இங்க வேஷமா ஆக்கி, சிரிச்சுப் படம் எடுக்கறாங்க. உங்களுக்கே தப்பாத் தெரியலையா?" செல்லில் ஒரு கையைக் காட்டியது. தேயிலை பறிக்கிற பெண்ணின் கை. விரல் பூராவும் கறுத்து வெடித்திருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும். என் ஆத்தா அந்தக் கையால்தான் எனக்குச் சோறு ஊட்டினாள். பிள்ளைக்கு டீ வாங்கிக் கொடுத்து, "நான் அந்தச் சனந்தான் பாப்பா. சிலோன்ல பொறந்தவ. இது எங்காத்தா உடுப்பு" என்றேன். அது டீயைக் குடிக்காமல் வைத்திருந்தது. சண்டைக்குத் தயாராக வந்தவர்களிடம் சண்டை இல்லை என்றால் ஒரு மாதிரி முழிப்பார்களே, அப்படி முழித்தது. பிறகு என் முகத்தையே பார்த்துக் கேட்டது.

"அப்ப உங்களுக்கு வலிக்கவே இல்லையாம்மா?"

சங்கத்தில் சொன்னது

வீடியோ எங்கெல்லாமோ போய்விட்டது. என் முகத்தை மறைத்துத்தான் போட்டிருந்தது பிள்ளை, அதற்குப் புண்ணியம். ஆனால் பேனர் தெரிந்தது, பாயின் குரங்குக் குல்லா தெரிந்தது. எங்கள் ஏரிக்கரைக் கடைக்காரர்களுக்கு ஒரு சின்னச் சங்கம் உண்டு. வீட்டில் செய்த சாக்லேட் விற்கிறவர்தான் தலைவர். மழையோ வெயிலோ, தலையில் கௌபாய் தொப்பி இருக்கும். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பொன்னம்மாக்கா, நாளைக்கு யாராச்சும் கொடி பிடிச்சு வந்தா எல்லாக் கடைக்கும் பாதிப்பு. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த டிரஸ்ஸை இறக்கிருங்க" என்றார். பாய் என் பக்கம் பேசினார்: "அது அவங்க ஆளுங்க உடுப்புத் தலைவரே. அவங்களே மாட்டிவிடறாங்க. வேற யாரு வருத்தப்படணும்?" தலைவர் யோசித்தார். கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றி, துடைத்து, திரும்ப வைத்துக்கொண்டார். "சரி, அவங்க ஆளுங்க ஒருத்தர் வந்து எங்களுக்கு வருத்தமில்லன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லட்டும். டிரஸ் இருக்கட்டும்" என்றார்.

"நான் இருக்கேனேய்யா, நானே சொல்றேன்" என்றேன்.

"நீங்க பச்சப்புள்ளையில வந்தவங்கக்கா. அதோட நீங்க யாவாரி. கூடை சுமந்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்."

அக்கா வந்த ஞாயிறு

கூடை சுமந்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வருத்தமில்லை என்று சொல்லு என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை பீன்ஸ் லோடு வருது, அதுல வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

லோடு ஜீப்பின் முன்சீட்டிலிருந்து இறங்கினாள் மாரியாயி அக்கா. கம்பளிச் சால்வை, ரப்பர் செருப்பு. இத்தனை வருசத்துக்குப் பிறகு எங்கள் கடைக்குள் கால் வைத்தாள். தலைவரும் நாலு கடைக்காரர்களும் வந்து நின்றார்கள். பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை. நேரே கம்பிக்குப் போய் அந்த உடுப்பைக் கையில் பிடித்தாள். சாட்டினைத் திருப்பிப் பார்த்தாள், ஜரிகையை நகத்தால் சுரண்டினாள். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"இதைக் கட்டிக்கிட்டாடி கொழுந்தெடுத்தோம்? நம்மளை வேலை வாங்கின கங்காணி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நமக்கு இப்படி ஒரு துணி இருந்ததில்ல. யாரு இவ, சினிமாக்காரியா?"

கடைக்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. தலைவர், "அப்ப உங்களுக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லையாம்மா?" என்றார். அக்கா பதில் சொல்லாமல் கூடையை எடுத்தாள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் இலையை ஸ்டூலில் கொட்டினாள். கூடைக் கயிற்றை நான் தோளில் மாட்டுகிற மாதிரி கட்டியிருந்தேன். அவள் அதை உச்சந்தலையில் போட்டுக் கழுத்தை முன்னால் சாய்த்து நின்றாள். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தச் சாய்ந்த கழுத்தில் ஆத்தா தெரிந்தாள். வலிக்கவே இல்லையா என்று அந்தச் சென்னைப் பிள்ளை கேட்டதற்கு, வலிக்குது பாப்பா என்று அப்போதுதான் மனசுக்குள் பதில் சொன்னேன்.

"எடையே இல்லையேடி" என்றாள் அக்கா. பிறகு தலைவரைப் பார்த்தாள். "சிரிச்சுக்கிட்டுப் போட்டோ எடுக்காங்கன்னுதான் அந்தப் புள்ள வருத்தப்பட்டுச்சாம்ல? சிரிச்சா என்னய்யா? நாங்களும் சிரிச்சோம். அட்டை கடிக்கக் கடிக்க, மழையில நின்னுக்கிட்டு, கங்காணி நடையைப் பழிச்சுச் சிரிச்சோம். ஆனா அப்ப கூடையில எடை இருந்துச்சு."

அவள் கூடையை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "துணி கெடக்கட்டும், அது நம்மளுது இல்ல. இந்தக் கூடையை மட்டும் நான் கொண்டு போறேன். நல்லாத்தான் முடைஞ்சிருக்கான், பூண்டு அள்ள ஆகும்." தலைவருக்கு இது சம்மதமா மறுப்பா என்று விளங்கவில்லை. தொப்பியைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எனக்கு விளங்கிவிட்டது. கூடை இல்லாத தேயிலைக்காரியை எவரும் வாடகைக்குக் கேட்கமாட்டார்கள். பாய் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அவர் பச்சை மலையைச் சுருட்டினார். அந்தப் பேனருக்குப் பின்னால் இத்தனை வருசம் மறைந்திருந்த நிஜ ஏரி தெரிந்தது. இப்போதும் சில நாள் அந்த உடுப்பு தொங்கின வெறும் கொக்கியைப் பார்த்தால், கூடையோடு சிரித்த பெண்கள் எல்லாரும் வரிசையாக ஞாபகம் வருவார்கள். யாவாரம் படுத்துத்தான் போச்சு, பொய் சொல்லமாட்டேன். அக்கா இப்போது லோடு ஜீப்பு வருகிற ஞாயிறெல்லாம் வருகிறாள்.

அன்றைக்கு ஜீப் திரும்ப நேரம் இருந்தது. "வந்தது வந்தீங்க, ஒரு படம் எடுத்துக்கங்கக்கா" என்றார் பாய். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். கம்பியை ஒரு நோட்டம் விட்டாள். ராணியைத் தாண்டினாள், காஷ்மீரைத் தாண்டினாள். கடைசியில் தொங்குகிற வெள்ளைக் கவுனை இழுத்தாள். லேஸ் பின்னல் வைத்த கழுத்து, அகலத் தொப்பி, கையில் பிடிக்கக் குட்டிக் குடை. அந்தக் கால வெள்ளைக்காரச் சீமாட்டி உடுப்பு. "தொரைசானி இப்படித்தான்டி பங்களா வாசல்ல நிப்பா. நாங்க கூடையோட போறப்ப, ஒரு நாளைக்கு அந்தத் தொப்பியை வச்சுப் பாத்துரணும்னு இருந்தேன்" என்றாள். நான் நாடாவை இறுக்கும்போது திரும்பி, "ஏண்டி, அந்தத் தொரைசானிக்கு மனசு நோகுமேன்னு எவனும் வீடியோ போடலையா?" என்று கேட்டாள். பாய் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு பிடித்தார். குடையைப் பிடித்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி, மோவாயைத் தூக்கி நின்றாள் அக்கா. ஜீப்காரன் ஹாரன் அடித்தான். அவள் அசையவில்லை. நான் பின்னால் போய் நாடாவை அவிழ்க்கக் கை வைத்தேன்.

"அதுக்குள்ளயாடி?"

யார் எதை உடுத்தலாம் என்று ஊர் உலகம் ஆயிரம் பேசட்டும், கழற்றச் சொல்லும்போது மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி இன்னும் அரை நிமிசம் கேட்கிறார்கள்.